பழங்கால வணிகக் கப்பல் சிதைவில் சுழியோடுவது எப்படி: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் சிலிண்டர் கட்டிக் கடலட்டையும் சங்கும் எடுத்துப் பழகிய பெடியள் சிலர் இப்போது பழைய கப்பல் கிடக்கும் இடங்களில் இறங்க வேண்டும் என்று வருகிறார்கள். தொல்லியல் படிக்கும் மாணவர்களும் வருகிறார்கள். முதலாவது கூட்டத்துக்குக் கடல் தெரியும், ஆனால் கணக்குப் பார்த்து இறங்கும் பழக்கம் இல்லை. இரண்டாவது கூட்டம் கணக்கை ஒப்புவிக்கும். கடலில் இறங்கியதும் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கலங்கிவிடும். இது இரண்டு பேருக்கும்தான். ஆனாலும் முதலாவது கூட்டத்தை மனதில் வைத்தே அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் ஆபத்து அவர்களுக்குத்தான் கூட.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதை நம்பி நிற்கிறது.

1. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று முதலில் தீர்மானியுங்கள்

இந்த வழிகாட்டிக்கு உதாரணம் கொடவாய. தென்கரையில் அம்பலாந்தோட்டைக்குப் பக்கம், வளவை கங்கை கடலில் விழும் இடத்துக்கு அருகே உள்ள கிராமம். அதற்கு நேரே கடலில், 31 முதல் 34 மீற்றர் ஆழத்தில் ஒரு வணிகக் கப்பலின் சரக்கு கிடக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழையது. இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிய வந்த கப்பல் சிதைவுகளில் மிகப் பழையது இதுதான். முதலில் கண்டவர்கள் சங்கு குளிக்கும் உள்ளூர்ச் சுழியோடிகள், 2003இல். நம்மாட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆழத்தை ஏன் முதலிலேயே கேட்கிறேன்? எந்தச் சான்றிதழ், எந்த வாயு, எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்பதையெல்லாம் ஆழம்தான் தீர்மானிக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்துக்குள் மூழ்கிய ஒல்லாந்த வணிகக் கப்பல் அவொண்ட்ஸ்டர் சில மீற்றர் ஆழத்தில்தான் கிடக்கிறது. அங்கே பிழை விட்டால் தண்ணீர் மட்டம் கிட்டத்தான். கொடவாயவில் அப்படி இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே கப்பல் இருக்காது. பாய்மரமும் இல்லை, அணியமும் இல்லை. இரும்பும் செம்பும் கட்டி கட்டியாகச் சேர்ந்து இறுகிய ஒரு மேடு, அதற்குள் கண்ணாடிக் கட்டிகள், கால் வைத்த கல் அம்மிகள், கறுப்பு சிவப்பு மட்பாண்ட ஓடுகள். இவ்வளவுதான். புதிதாக இறங்குபவர் பலர் மேட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு கப்பலைத் தேடுவார்கள். வெறும் கற்பார் என்று நினைத்து அதன்மேல் கையை ஊன்றுவதும் அப்போதுதான்.

2. படகு பேச முன் அனுமதி எடுங்கள்

இந்த இடம் சுற்றுலாச் சுழியோட்டத்துக்கு உரியதல்ல. தொல்பொருட்களுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் இறங்குவது, அங்கே எதையாவது அசைப்பது எல்லாமே வில்லங்கத்தில் முடியும். "என்ர மச்சானுக்குப் படகுக்காரரைத் தெரியும்" என்பது அனுமதி ஆகாது.

நடைமுறையில் நல்ல வழி, நடக்கிற ஒரு வேலையில் சேர்ந்துகொள்வது. மத்திய கலாசார நிதியத்தின் கீழ் காலியில் இயங்கும் கடல்சார் தொல்லியல் பிரிவுதான் இலங்கையில் இந்த வேலையைச் செய்யும் அமைப்பு. மாணவர் என்றால் உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு அவர்களுக்கு எழுதுங்கள். தொழிலாளி என்றால் உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத்தோடு எழுதுங்கள். இரண்டு பேரும் சுழியோட்டச் சான்றிதழ், மருத்துவச் சான்று, இதுவரை இறங்கிய இறக்கங்களின் குறிப்புப் புத்தகம் மூன்றின் பிரதியையும் இணையுங்கள்.

கடிதத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: படம் எடுக்க, அளக்க, உதவியாளராக நிற்க. "பார்க்க ஆசை" என்று எழுதினால் பதில் வராது. பதில் வரச் சுணங்கும், ஆகவே இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன் தொடங்க வேண்டும்.

3. பருவத்தைக் கணக்குப் பாருங்கள்

முல்லைத்தீவுக் கடலுக்கும் தென்கரைக்கும் பருவம் எதிர்மாறு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் நம் கிழக்குக் கரையில் இறங்க முடியாது, அப்போது தெற்கு அமைதி. சோளகம் எழும்பினால் தெற்கு கொந்தளிக்கும், முல்லைத்தீவும் திருகோணமலையும் தெளியும்.

இது நமக்கு வசதி. ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை கிழக்கில் பழகுங்கள். அதற்குள் அனுமதிக் கடிதமும் அலைந்து திரிந்து வந்துசேரட்டும். தெற்கு நவம்பரில் திறக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் நான் பெப்ரவரி, மார்ச் மாதங்களைத்தான் சொல்வேன். மழை பெய்து வளவை கங்கை கலங்கி வந்தால் ஆற்று வாய்க்குப் பக்கத்துக் கடல் முழுவதும் செம்மண் கரைசல்தான். கடல் அமைதியாக இருக்கும், ஆனால் நீட்டிய கை தெரியாது.

4. உடம்பும் சான்றிதழும்

ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் 18 மீற்றர் வரை. அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் 30 மீற்றர் வரை. 31ஐத் தாண்டுவதென்றால் 40 மீற்றர் வரைக்குமான ஆழப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். "அட்டைக்கு நாங்கள் இதைவிட ஆழம் போயிருக்கிறோம்" என்பார்கள். போயிருப்பீர்கள். அப்படிப் போய்க் கை கால் இழுத்துப் படுத்தவர்களையும் உங்கள் ஊரிலேயே தெரிந்திருக்கும்.

வன்னிக்குக் கிட்டப் படிப்பதற்கு நிலாவெளியும் உப்புவெளியும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக பஸ் உண்டு. சிதைவில் இறங்கிப் பழகக் காயான்கேணிக்குப் போங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே 25 மீற்றருக்குக் கிட்டக் கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு நேரே மூழ்கிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் ஆழம் 50 மீற்றரைத் தாண்டும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். போரில் நெஞ்சில் காயப்பட்டவர்கள், உடம்பில் இன்னும் சன்னத் துண்டு இருப்பவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். பழைய நுரையீரல் காயம் இருந்தால் காற்று ஒரு மூலையில் அடைபட்டு, ஏறும்போது அந்த இடம் கிழியலாம். நெஞ்சுப் படம் எடுத்து, சுழியோட்டம் தெரிந்த வைத்தியரிடம் காட்டாமல் இறங்கவே கூடாது.

5. மூச்சை அடக்கும் பழக்கத்தை விடுங்கள்

மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய தடை. மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறினால் நுரையீரல் இறங்கும்போது சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கு வரும். தீங்கு இல்லை. சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சு வேறு. 10 மீற்றரில் நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும். நுரையீரல் தாங்காது. நான்கைந்து மீற்றர் ஆழமே இதற்குப் போதும்.

ஆகவே மூச்சு எந்த நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேற்றர் வாயிலிருந்து கழன்றால்கூட மெல்ல "ஊ" என்று குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். அடக்கும் பழக்கத்தைப் பழைய கை மறக்கப் பல இறக்கங்கள் எடுக்கும். காற்று மிச்சம் பிடிக்க இடையிடையே மூச்சை நிறுத்துவார்கள்; அது காபனீரொட்சைட்டைக் கூட்டித் தலையிடியைத்தான் தரும், காற்று மிஞ்சாது.

6. மிதப்பு: அதிக நாள் செலவழிக்க வேண்டிய படி

நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் தடக்கியது இங்கேதான். அட்டை எடுக்கும்போது அடியில் முழங்காலூன்றுவோம், மணலைக் கிண்டுவோம், முருகைக்கல்லைப் பிடித்து இழுத்து முன்னேறுவோம். அதற்காகவே ஈயம் கூடுதலாகக் கட்டுவோம். சிதைவுக்கு மேலே இவை ஒன்றுமே ஆகாது. 2,000 ஆண்டு உப்பில் கிடந்த மட்பாண்டத்தில் முழங்கால் பட்டால் அது தூள்.

முதலில் ஈயத்தைக் குறையுங்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அலகு) மட்டும் மிச்சமிருக்கும்போது, பி.சி.டி.யில் (காற்றடைக்கும் மிதப்புச் சட்டையில்) காற்றே இல்லாமல், 5 மீற்றரில் அசையாமல் நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் எடை. நிறைந்த சிலிண்டரோடு சோதிக்காதீர்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் காற்று கிட்டத்தட்ட 3 கிலோ நிறை. அது குறைந்ததும் மேலே இழுக்கும்.

அடுத்தது கயிற்றுப் பயிற்சி. 10 மீற்றருக்குள், மணல் தரையில் இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மெல்லிய நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிற்றில் அளவு நாடாவையும் பிணையுங்கள். அதற்கு மேலே கிடையாக மிதந்தபடி, கயிறும் மணலும் ஆடாமல், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய், ஒவ்வொரு மீற்றரிலும் நாடாவின் எண்ணைப் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். எழுதத் தொடங்கியவுடன் மூச்சு மேலோட்டமாகி உடம்பு கீழே தாழும். தாழ்வது தெரிந்ததும் கை தானாகக் கயிற்றைப் பிடிக்கப் போகும். அந்தக் கை போகாத நாள் வரைக்கும் இதே பயிற்சிதான்.

காலை மேலும் கீழும் அடிக்காதீர்கள். முழங்காலை மடித்து, தவளை நீந்துவதுபோல் காலில் மாட்டிய ஃபின்னைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கீழ்நோக்கி அடிக்கும் அடியில் எழும்பும் சேறு அடங்குவதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும், பின்னால் வருபவருக்கும் ஒன்றும் தெரியாது.

7. சிலிண்டரும் அதற்குள் இருக்கும் காற்றும்

சிலிண்டரின் கழுத்தில் அழுத்தச் சோதனைத் திகதி குத்தியிருக்கும். 5 ஆண்டுக்கு மேலென்றால் வேண்டாம். உள்ளே துரு உண்டா என்று ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

காற்று அடிக்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கொம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்திலேயே என்ஜின் புகை போகிறதென்றால் அந்தக் காற்றை வாங்காதீர்கள். புகையிலிருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மேலே லேசான தலையிடி தரும் அளவு, 32 மீற்றரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் ஆளை மயக்கிவிடும். வால்வை மெல்லத் திறந்து வெள்ளைத் துணியில் ஊதுங்கள். எண்ணெய்க் கறையோ மணமோ வந்தால் புகையும் உள்ளே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கறை வராததால் காற்று நல்லது என்றும் நம்பிவிட முடியாது, அதனால்தான் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒட்சிசன் கூட்டிய காற்றான நைட்ரொக்ஸ் கிடைத்தால் நல்லது, உடம்பில் ஏறும் நைதரசன் குறைவு. ஆனால் வழக்கமாகத் தரும் 32 சதவீத ஒட்சிசன் கலவைக்கு எல்லை 33 மீற்றர். கொடவாயவின் தரை அதைத் தாண்டும். அந்த எல்லையைத் தாண்டி ஆழம் போனால் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரலாம். 30 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாகக் கேளுங்கள், அளவியால் நீங்களே அளந்து சிலிண்டரில் எழுதி ஒட்டுங்கள். நைட்ரொக்ஸ் பயிற்சி இல்லாதவர்கள் சாதாரணக் காற்றிலேயே போகலாம்.

8. காற்றுக் கணக்கு

இந்தப் பகுதியைக் கடதாசியும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

32 மீற்றரில் அழுத்தம் 4.2 பார். மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுபவர் அங்கே 84 லீற்றர் செலவழிப்பார். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் மொத்தம் 2,400 லீற்றர்.

இனி, அடியில் உங்கள் சோடிக்கு, அதாவது உங்களோடு சேர்ந்து இறங்கியவருக்கு, காற்று நின்றுவிட்டது என்று வையுங்கள். இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரில்தான் ஏற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லீற்றர், இரண்டு பேருக்கும் 60. அடியில் நிலைப்பட 2 நிமிடம்: 504 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் 5 மீற்றர் வரை ஏற 3 நிமிடம்: 513. அங்கே நைதரசன் வெளியேற 3 நிமிடத் தரிப்பு: 270. மேலே வர 75. கூட்டினால் 1,362 லீற்றர். 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 114 பார். ஆகவே மானியில் 115 காட்டியதும் அடியை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பலர் 50 பாரில் கிளம்புவார்கள். 50 பார் என்பது ஆழமில்லாத கடலில் தனக்கு மட்டும் போதுமான காற்று.

மிச்சம் 85 பார், அதாவது 1,020 லீற்றர். இறங்க 2 நிமிடத்துக்கு நூறு லீற்றர் போக, மேட்டின்மேல் கிடைப்பது 11 நிமிடத்துக்குக் கிட்ட. சுழியோட்டப் பயிற்சி நிறுவனமான பாடியின் (PADI) அட்டவணையும் 30ஐத் தாண்டிய ஆழத்தை 35 என்று எடுத்து, தரிப்புக் கட்டாயமில்லாத நேரமாக 14 நிமிடம் தருகிறது. அந்த 14 தண்ணீர் மட்டத்திலிருந்து இறங்கத் தொடங்கியதிலிருந்தே எண்ணப்படும். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது நல்லதுதான். நம் இடங்களில் அதிகம் கிடைக்கும் 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் என்றால் 125 பாரில் கிளம்ப வேண்டும், மேட்டில் எட்டு ஒன்பது நிமிடம்தான். உங்கள் மூச்சின் அளவு 20ஐ விடக் கூட என்றால் இன்னும் குறையும். கிழக்கில் பழகும்போதே ஒவ்வொரு இறக்கத்திலும் அளந்து வையுங்கள்.

9. படகில் ஏற முன்

முந்தின இரவு சாராயம் வேண்டாம், பியரும் வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் நைதரசன் வெளியேறச் சுணங்கும். காலையில் தண்ணீர், இளநீர் போதிய அளவு.

படகில் இருக்க வேண்டியவை: முகமூடியோடு ஒட்சிசன் சிலிண்டர், நிறைந்த ஒரு உபரி சிலிண்டர், நீல வெள்ளைக் கொடி, வானொலி அல்லது சிக்னல் பிடிக்கும் தொலைபேசி. ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவைக் குழாயும் சுருளும். வெட்டும் கருவி இரண்டு, ஒன்று வலது கைக்கும் ஒன்று இடது கைக்கும் எட்டும்படி. சிதைவென்றால் வலை சிக்கியிருக்கும், தங்கூசி வலை கலங்கலில் கண்ணுக்கே தெரியாது.

கைச் சைகைகளைப் படகிலேயே ஒரு தரம் செய்து பாருங்கள். தென்கரைக் குழுவில் சிங்களமும் ஆங்கிலமும்தான் ஓடும், தண்ணீருக்குள் எல்லோருக்கும் ஒரே சைகை. நம் பெடியள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டு. "சரியா?" என்று கேட்டால் பெருவிரலை உயர்த்துவார்கள். தண்ணீருக்குள் அதற்கு "மேலே போவோம்" என்று பொருள். சோடி உடனே இறக்கத்தை முடித்து உங்களையும் கூட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார், அனுமதி வாங்கி வந்த நாள் அதோடு சரி. சுட்டுவிரலும் பெருவிரலும் வட்டமாகச் சேர்ந்தால்தான் "சரி".

நங்கூரத்தைச் சிதைவின்மேல் போட விடாதீர்கள். இடம் தெரிந்தவர் காட்டும் திசையில், மேட்டுக்கு வெளியே மணலில் ஒரு கனத்தையும் மிதவையையும் இறக்கி, அந்தக் கயிறு வழியாகவே இறங்கி ஏற வேண்டும். படகு கயிற்றில் கட்டாமல் சுற்றி நிற்கட்டும்.

10. இறங்குதல்

கயிற்றின் மிதவையைப் பாருங்கள். நீரோட்டத்தில் அது சாய்ந்து பாதி அமிழ்ந்திருந்தால் காத்திருங்கள், அல்லது அன்றைக்கு விடுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் மேலே போட்ட கணக்கெல்லாம் இரண்டு நிமிடத்தில் பொய்த்துவிடும்.

5 மீற்றரில் நின்று ஒருவரை ஒருவர் பாருங்கள்: குமிழி எங்காவது கசிகிறதா, இரண்டாவது ரெகுலேற்றர் வேலை செய்கிறதா. அங்கே சரியில்லாதது 30 மீற்றரில் சரியாகாது. பிறகு காது ஒவ்வொரு மீற்றருக்கும் சமப்படுத்திக்கொண்டு இறங்குங்கள். காது வலித்தால் ஒரு மீற்றர் ஏறி மறுபடி. வலியோடு அமுக்கி இறங்கினால் சவ்வு கிழியும், தலை சுற்றி எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகும்.

25ஐத் தாண்டியதும் நைதரசன் மயக்கம் தொடங்கலாம். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் காரணமில்லாத பயம். அது வந்திருப்பது வந்தவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அடியைத் தொட முன் நின்று, சோடியிடம் விரலால் ஒரு எண்ணைக் காட்டுங்கள். அவர் அதைவிட ஒன்று கூட்டிக் காட்ட வேண்டும். தடுமாறினால் இரண்டு பேரும் ஐந்து மீற்றர் மேலே. அப்படியும் தெளியாவிட்டால் அன்றைக்கு இறக்கம் முடிந்தது.

11. அடியில் இருக்கும் பத்து நிமிடம்

ஒரு இறக்கத்துக்கு ஒரு வேலை. படம் என்றால் படம், அளவு என்றால் அளவு. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் இரண்டையும் அரைகுறையாகக் கொண்டு வருவார்கள்.

டோர்ச் கட்டாயம். அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் இல்லை. விரலில் வெட்டுப்பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். செம்புக் கட்டியும் பாசி பிடித்த கல்லும் ஒரே சாம்பல்தான். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் விளிம்புகள் எழும்பித் தெரியும், ஓடும் கல்லும் பிரியும்.

படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் பிறகு ஒன்றுக்கும் உதவாது. கோலைப் பொருளுக்குப் பக்கத்தில் மணலில் வையுங்கள், பொருளின்மேல் சாய்க்காதீர்கள்.

கை வெறுமையாக மேலே வர வேண்டும். சின்ன ஓட்டுத் துண்டுகூட வேண்டாம். ஒரு துண்டு எங்கே, எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் சரிந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் சரக்கு எப்படி அடுக்கப்பட்டது, கப்பல் எப்படிச் சரிந்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். எடுத்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும், பிறகு துல்லியமாகத் திருப்பி வைக்கவும் முடியாது. தொழிலில் கண்ணில் பட்டதைப் பையில் போடும் கை இது. சோடியிடம் சொல்லி வையுங்கள், உங்கள் கை நீண்டால் தட்டிவிடட்டும். பையைப் படகிலேயே விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

பொந்துகளுக்குள் கை விடாதீர்கள், அஞ்சாளையும் கல்மீனும் அங்கேதான்.

12. ஏறுதல்

115 பார் அல்லது நேரம், எது முதலில் வருகிறதோ அப்போது கயிற்றுக்குத் திரும்புங்கள். "இன்னும் ஒரு படம்" என்று நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்து வர சோடிக்கு உரிமை உண்டு. இதைப் படகிலேயே பேசி வையுங்கள்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றர். டைவ் கொம்பியூட்டர் கத்தினால் நில்லுங்கள். 5 மீற்றரில் 3 நிமிடம், இந்த ஆழத்துக்கு நான் 5 நிமிடம் நிற்கச் சொல்வேன். உடம்பில் கரைந்த நைதரசன் சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைக்காமல் நுரையீரல் வழியாக வெளியேற இந்த நேரம் வேண்டும். கடைசி 5 மீற்றரை ஒரு நிமிடத்தில் ஏறுங்கள். எல்லோரும் அவசரப்படுவது அங்கேதான், அழுத்தம் வேகமாக மாறுவதும் அங்கேதான். கயிற்றைத் தவறவிட்டால் மிதவைக் குழாயை அனுப்பிவிட்டு அதன் கீழே ஏறுங்கள், படகுக்காரர் கண்டுகொள்வார்.

அன்றைக்கு இரண்டாவது ஆழ இறக்கம் வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும்.

13. மேலே வந்த பிறகு

மூட்டு வலி, கை கால் விறைப்பு, தோலில் புள்ளி, மூச்சு முட்டல், சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் "களைப்பாக்கும்" என்று படுக்க வேண்டாம். படுக்கையில் மல்லாத்தி, ஒட்சிசனை உடனே கொடுங்கள். நினைவிருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990க்கு அழையுங்கள். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. தென்கரையில் கிட்ட எது இயங்குகிறது என்பதைக் குழுத் தலைவரிடம் முதல் நாளே கேட்டு, இலக்கத்தைப் படகில் எழுதி ஒட்டுங்கள்.

திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினால் வலி போகும் என்று சொல்பவர்கள் நம் கரைகளில் இருக்கிறார்கள். சற்று நேரம் போனது போலத் தெரியும். பாதி வழியில் ஆள் விறைத்தாலோ மயங்கினாலோ தண்ணீருக்குள் என்ன செய்வீர்கள்? மேலும் நைதரசன் ஏறித்தான் ஆள் வருவார். செய்யாதீர்கள்.

வீடு திரும்பும் வழியையும் பாருங்கள். இறங்கிய அன்றே வெல்லவாயவிலிருந்து எல்ல, பண்டாரவளை என்று மலையேறி வருவது விமானத்தில் போவதைப் போன்றதுதான், அழுத்தம் குறையும். ஒரு நாள் கரையில் தங்குங்கள். பிறகும் கொழும்பு, புத்தளம், அநுராதபுரம் வழியாகத் தாழ்நிலத்தால் வவுனியா வந்து சேருங்கள். பஸ் நேரம் கூடத்தான், பரவாயில்லை.

அன்று இரவே குறிப்பை எழுதுங்கள்: நேரம், ஆழம், தெளிவு, நீரோட்டம், என்ன கண்டீர்கள், எந்தப் பக்கத்தில். மயக்கம் கலந்த ஆழத்தில் கண்டது அடுத்த நாளே மங்கிவிடும். படங்களைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்போடு முகப்புத்தகத்தில் போட வேண்டாம், களவெடுப்பவர்களும் முகப்புத்தகம் பார்க்கிறார்கள்.

14. நம் கடலிலேயே ஏதாவது கண்ணில் பட்டால்

மன்னாருக்குக் கிட்ட உள்ள பழைய மாந்தைத் துறைக்குப் பல நூறு ஆண்டுகளாகக் கப்பல்கள் வந்து போன கடல் இது. அட்டைக்கு இறங்கும்போது ஒழுங்காக அடுக்கிய கல்லோ, சாடிகளின் குவியலோ, ஒரே அளவுக் கட்டிகளோ தெரிந்தால் தொடாமல் மேலே வந்து இடத்தைக் குறியுங்கள். ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோடு பிடியுங்கள். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் உயர்ந்த பனையும் ஒரு கோடு, வேறு திசையில் இன்னொரு கோடு. வலை போடும் இடத்துக்குச் செய்வது போலவேதான்.

வலையில் ஏற்கெனவே சிக்கி மேலே வந்துவிட்டால் காய விடாதீர்கள். இதுதான் கரையில் நடக்கும் பெரிய நாசம். கழுவி, தேய்த்து, வெயிலில் வைத்து அழகு பார்ப்பார்கள். மட்பாண்டத்துக்குள் ஊறிய உப்பு காயும்போது பளிங்காகி மேற்பரப்பை உரித்துவிடும். இரும்பென்றால் சில மாதத்தில் வெடித்து உதிரும். வாளியில் கடல்நீரை விட்டு, பொருளை முழுவதும் அமிழ்த்தி, மூடி, நிழலில் வையுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பியையும் சுண்ணாம்பையும் சுரண்ட வேண்டாம். எந்த வலையில், எந்த நாளில், எவ்வளவு ஆழத்தில் வந்தது என்று ஒரு துண்டில் எழுதி வாளியில் கட்டுங்கள். பிறகு கிராம அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை இரண்டு நாளைக்கொரு தடவை வாளி நீர் குறையாமல் பாருங்கள்.